வட்டம் சரியில்லாத வாஷர்

1

மேசை விசிறிக்கு ஒரு திருகு வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை என் தலையில் கட்டப்பட்டது. இடம், வேலூரில் ஒரு பழைய இரும்புக் கடை. திருகு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு இரும்புச் சாமானைக் கடைக்காரர் என் முன்னால் வைத்தார். வயலுக்கு மருந்து தெளிக்கிற மிஷின் என்றார். பக்கத்தில் நின்றவர், இல்லை, தையல் மிஷின் மோட்டார் என்றார். இரண்டு பேரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் இரண்டும் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பொம்மை விமானம் பறக்கவிடும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார். சின்ன விமானத்துக்கான பெட்ரோல் எஞ்சின், முப்பதுகளின் கடைசியில் செய்தது என்றார். அடியில் இருந்த குட்டி டேங்கைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு வாஷர்.

"தோல்!" என்று கத்தினார். "எந்தப் பைத்தியக்காரன் பெட்ரோல் டேங்குக்குத் தோல் வாஷர் போடுவான்?"

"ஆம்பூர்க்காரன் போடுவான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து ஒரு கதை விழுந்துவிட்டது தெரிந்தது. அந்த வாஷரை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். காய்ந்து கறுத்திருக்கிறது. வட்டம் சரியில்லை. விளிம்பில் சின்னச் சின்ன மூலைகள், யாரோ சுற்றிச் சுற்றிக் கத்தரித்ததுபோல. இதை ஒரு விவரமாகத்தான் எழுதிவைக்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை.

2

முதல் தொடக்கம்: "1938. ஆம்பூரின் காற்றில் தோல் நாற்றம்

(நிறுத்திவிட்டேன். வெளியூர்க்காரர்கள் எழுதுகிற எல்லா ஆம்பூர்க் கதையும் இப்படித்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. அங்கேயே இருப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: "பாலாறு வறண்டு கிடந்த மாசி மாதத்தில், வருங்காலத்தின் இறக்கைகள்

(சீ.)

மூன்றாவது: "ரஷீத் அஹமது காற்றாடியை விரலால் தட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்."

இது பரவாயில்லை. கையை இழுத்துக்கொள்ளாவிட்டால் நகம் போய்விடும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு நகம் இல்லை. ஆகவே இந்த வாக்கியத்தை நம்பலாம்.

ரஷீத் அஹமது யார்? ஆம்பூரில் தோல் பதனிடும் தொழில் நடத்துகிற ஹயாத் பாஷாவின் இளைய மகன். கல்யாணமாகி ஆறேழு மாதம். அவனுக்குத் தோலில் மனசு ஒட்டவில்லை, மோட்டாரில் ஒட்டியிருக்கிறது. பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கும் முனிரத்தினம் அவனுடைய தோஸ்த். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரிப்பேர் ஷெட் போடவேண்டும் என்பது ஆசை. லண்டனுக்குத் தோல் அனுப்புகிற கமிஷன் ஏஜெண்டு அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பிய பெட்டியில்தான் இந்த எஞ்சின் வந்தது. மூங்கில் சிம்பும் மெல்லிய பட்டும் வைத்து இரண்டு பேரும் அதற்கு ஒரு விமானம் கட்டினார்கள்.

ஹயாத் பாஷா அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. அதுதான் ரஷீதுக்குப் பயமாக இருந்தது.

"பக்ரீத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சதும் பாலாத்து மணலுக்கு எல்லாரும் வர்றோம்," என்றார். "அது பறந்துச்சுன்னா ஷெட்டுக்கு இடம் நான் தர்றேன். பறக்கலைன்னா பக்ரீத்துக்கு மறுநாள் நீ கிடங்குல வந்து உக்காந்து தோலைத் தரம் பிரி. அப்புறம் மோட்டார் பேச்சு இந்த வீட்ல இருக்கக்கூடாது."

பக்ரீத் முடிந்தால் ஊருக்குள் தோல் வந்து குவியும்; அப்புறம் யாருக்கும் வானத்தை அண்ணாந்து பார்க்க நேரமிருக்காது. கிழவர் கணக்குப் போட்டுத்தான் நாள் குறித்தார்.*

* இந்த மனிதர்களும் பெயர்களும் என் கற்பனை. வீட்டுக்குள் இவர்கள் உருதுவில் பேசியிருப்பார்கள். எனக்கு உருது காய்கறிக் கடை அளவுக்குத்தான் வரும், அதனால் எல்லாரையும் தமிழில் பேசவைத்திருக்கிறேன். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

3

அது கிளம்பாத எஞ்சின் இல்லை. நன்றாகவே கிளம்பும். காற்றுக்குழாயை விரலால் மூடிக் காற்றாடியை இரண்டு சுற்றுச் சுற்றினால் பெட்ரோல் மேலே ஏறும். ஸ்விட்சைப் போட்டுச் சட்டென்று தட்டினால் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் ஒரு சத்தம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ரஷீதின் முகம் மலரும். பிறகு சத்தம் தேயும், இருமும், நின்றுபோகும். எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில், விமானம் மணலை விட்டு எழும்பியிருக்க வேண்டிய நேரத்தில்.

பிரித்துப் பார்த்தால், பெட்ரோலை அளந்து விடுகிற ஊசித் துளையில் பழுப்பாக ஒரு பிசின். துடைத்துவிட்டு மாட்டினால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும்.

"பொறி தர்ற காயில்தான் பாய் பேஜார் பண்ணுது," என்றான் முனிரத்தினம். "சூடாச்சுன்னா பொறி கம்மியாய்டுது."

"உன் காயில்ல ஒண்ணும் இல்லப்பா. பெட்ரோல்ல குப்பை இருக்குது," என்றான் ரஷீத்.

உண்மையில் காயில்மேல் சந்தேகப்பட்டவன் ரஷீத். ரஷீத் ஊசியை ஜாஸ்தி திருகிவிடுகிறான் என்று சந்தேகப்பட்டவன் முனிரத்தினம். சிநேகிதனைக் குறை சொல்ல மனசு வராமல் ஆளுக்கு ஒரு பொய்க்காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையிலேயே பத்து நாள் போய்விட்டது. முனிரத்தினம் காயிலை இரண்டு தடவை மாற்றினான். ரஷீத் பெட்ரோலை மல்மல் துணியில் வடிகட்டினான்.

வாஷரைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே இல்லை. எஞ்சினோடு வந்த தக்கை வாஷர் முதல் தடவை பிரித்தபோதே உதிர்ந்துவிட்டது. தோல் மலைபோல் குவிந்திருக்கிற வீட்டில் தக்கையை யார் தேடிப் போவார்கள்? ரஷீத் வீட்டிலேயே நயமான ஆட்டுத்தோலை எடுத்து, வட்ட உளியை வைத்து ஒரே அடி அடித்து, நிலா மாதிரி வாஷர்களை வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் பழையதை எறிந்துவிட்டுப் புதியது போடுவான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. மோட்டார் மோட்டார் என்று அலைந்தாலும் ஹயாத் பாஷாவின் மகன்தானே.

4

இப்போது ஒரு தொல்லை.

வஹீதாவை, அதாவது ரஷீதின் மனைவியை, தேநீர் கொண்டுவரத்தான் கதைக்குள் கூப்பிட்டேன். வந்தாள், வைத்தாள். போ என்றால் போகமாட்டேன் என்கிறாள்.

(எழுதுகிறவனுக்குத் தெரியும்: வந்த வேலை முடிந்தும் நிற்கிற பாத்திரத்துக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.)

அவளுக்குத் தெரிந்தது இதுதான். ஊசியைத் துடைத்த துணிகள் தோய்ப்பதற்கு அவளிடம்தான் வரும். துணியில் பழுப்புக் கறை. முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல் வாசனைக்கு அடியில் புங்க எண்ணெய். அவளும் தோல் வீட்டுப் பெண். பேரணாம்பட்டில் அவள் அப்பாவின் சட்டைக் கையில் அதே கறை, அதே வாசனை. பதமான தோல் விறைக்காமல் இருக்க ஹயாத் பாஷா வீட்டில் புங்க எண்ணெய் தடவுவார்கள். பெட்ரோல் அந்த எண்ணெயைத் தோலிலிருந்து கறந்து எடுக்கிறது. எண்ணெயோடு, தோலைப் பதனிட்ட மரப்பட்டைச் சாறும் இறங்கிப் போய் ஊசித் துளையை அடைக்கிறது. காயிலும் இல்லை, குப்பையும் இல்லை. வாஷர்.

தெரிந்தால் சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் என்னைத் தன் கல்யாண விருந்துக்குக் கூட்டிப்போனாள்.

விருந்தில் ஹயாத் பாஷா தன் சரக்கு ஒன்றைச் சம்பந்திகளுக்குக் காட்டினார். வஹீதாவின் சித்தப்பா அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "தோல் நல்லாத்தான் இருக்குது. எண்ணெய்தான் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார். ஹயாத் பாஷா பிரியாணித் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். பெரியவர்கள் நாலு பேர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அதன்பிறகு அந்தச் சித்தப்பா இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இப்போது மருமகள் வாயைத் திறந்து, உங்கள் தோலில் எண்ணெய் இறங்குகிறது என்று சொல்லவேண்டும். சொன்னால் அது எஞ்சினைப் பற்றிய பேச்சாக இருக்காது. பேரணாம்பட்டு பேசுகிறது என்பார்கள். சொல்லாவிட்டால் புருஷன் ஆயுசு முழுக்கக் கிடங்கில் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காத தோலைப் புரட்டிக்கொண்டிருப்பான். அந்த முகத்தோடு இவள் குடித்தனம் நடத்தவேண்டும்.

எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, தேநீரோடு அனுப்பிவிடப் பார்த்தேனே.

5

சில வழிகள் யோசித்தேன்.

அவள் ரஷீதிடம் நேராகச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன்:

"வாஷர்தாங்க…"

"எந்த வாஷர்?"

"நீங்க வெட்டற வாஷர்."

"அது எங்க வீட்டுத் தோல் வஹீதா. அதுல இன்னா கோளாறு இருக்கும்?"

எங்க வீட்டுத் தோல் என்கிற வார்த்தை வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு தள்ளினாலும் மேலே பேசவில்லை.

முனிரத்தினத்திடம் சொல்லியனுப்பலாம் என்று பார்த்தேன். பர்தாவுக்கு உள்ளே இருக்கிற பெண் பஸ் மெக்கானிக்குக்கு எப்படிச் செய்தி அனுப்புவாள்? அனுப்பினாலும் அவன், "பாய், உங்க தோல் சரியில்ல," என்று தோல் வீட்டு வாசலில் நின்று சொல்வானா? ஆம்பூரில் ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூடச் சமாதானமாகப் போய்விடலாம்.

வேறொரு வழியில் அவள் ஒரு மழைநாளில் மனம் உடைந்து

(மாசியில் ஏது மழை? அடித்துவிட்டேன்.)

6

அவளையே கேட்டுவிடலாம் என்று பேனாவைத் தளர்த்திப் பிடித்தேன். அவள் நேராகப் போய்ப் புருஷனிடம் கேட்டாள்:

"பட்டுப் புடவையில கறை ஆய்டுச்சு. ஒரு சீசா பெட்ரோல் தர்றீங்களா?"

கொடுத்தான். எதற்கு என்று யோசிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

பகல் சாப்பாடு முடிந்து, அடுப்பு முழுக்க அணைந்த பிறகு, பெட்ரோலைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். கரைந்து காணாமல் போனது. இன்னொன்றில் தேங்காயெண்ணெய். அதுவும் போனது. மாடத்தில் பேதி மருந்துக்காக வைத்திருந்த விளக்கெண்ணெய் நினைவுக்கு வந்தது. ஒரு சொட்டு விட்டாள். அது கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. கலக்கினாள். மறுபடி வந்து உட்கார்ந்தது.*

* இதை எங்கள் வீட்டு அடுப்படியில் நானே செய்து பார்த்தேன். விளக்கெண்ணெய் உட்கார்ந்தது உண்மை. அதற்காக வீட்டில் வாங்கிய திட்டும் உண்மை.

அப்புறம் அவள் செய்ததைப் பார்த்து நான் எழுந்து நின்றேன். ரஷீத் உளியடித்தபின் மிஞ்சியிருந்த துண்டுத் தோலில் ஒன்றை எடுத்தாள். பெட்ரோலில் ஊறப்போட்டாள். பெட்ரோல் பழுப்பாகியது. கொட்டினாள். மறுபடி ஊறப்போட்டாள். பழுப்பு இறங்குவது நிற்கிறவரை விடவில்லை. தோல் அப்பளமாக விறைத்துப்போனதும் வெயிலில் ஆறவிட்டு, விளக்கெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தடவிக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து உள்ளே ஏற்றினாள். மெல்ல மெல்ல அது மறுபடி தோலாயிற்று.

தோல் மாமனார் வீட்டுத் தோல்தான். எண்ணெய் மட்டும் வேறு. யாரையும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. கெட்டிக்காரி!

வெள்ளிக்கிழமை ரஷீத் ஜும்மாவுக்குப் போயிருந்த சமயத்தில், டேங்கைக் கழற்றி, உள்ளே தன் வாஷரை வைத்துத் திருகி மூடினாள்.

7

இங்கே கதையை முடித்துவிடலாம் என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு பிழை தென்பட்டது.

முதல் பகுதியில், தீப்பெட்டியில் இருக்கிற வாஷர் வட்டம் சரியில்லை, கத்தரித்தது போல மூலைகள் என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது பகுதியில், ரஷீத் வட்ட உளியால் நிலா மாதிரி வெட்டுவான் என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. சரி, "நிலா மாதிரி" என்பதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

உளி ரஷீதின் டப்பாவில் இருக்கும். அதை எடுத்துத் தரையில் வைத்து அடித்தால் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். வஹீதா எதைக்கொண்டு வெட்டியிருப்பாள்? ரவிக்கைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கத்தரித்திருப்பாள்.

தீப்பெட்டியைத் திறந்தேன். மூலைகள் அப்படியே இருந்தன. அவளை நான் கற்பனை செய்தேன் என்று இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

(எனக்குக் கண் கலங்கியது. ஒரு வாஷருக்காகவா என்று கேட்டால், ஆமாம்.)

ஆனால் கலங்கி முடிப்பதற்குள் அடுத்த பயம். ரஷீத் ஒவ்வொரு தடவையும் பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியது போடுகிறவன். மணலிலும் அதைத்தான் செய்வான். சட்டைப் பையில் நிலா மாதிரி ஒன்று தயாராக இருக்கும். அப்படியானால் அவளுடைய வாஷர் பாலாற்று மணலில் அல்லவா புதைந்திருக்கவேண்டும்? எப்படி இந்த எஞ்சினுக்குள்ளேயே இருந்து என்னிடம் வந்தது?

8

ஆகவே மணலுக்குப் போகவேண்டியதாகிவிட்டது. எனக்குக் கூட்டம் எழுதப் பிடிக்காது. ஜும்மா முடிந்து ஊரில் பாதி அங்கே நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹயாத் பாஷாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி.

முனிரத்தினம் பேட்டரிக் கம்பிகளை மாட்டினான். ஊசியைக் கடைசியாக ஒரு தடவை துடைக்க ரஷீத் டேங்கைக் கழற்றினான். பழைய வாஷரை எடுத்தான். இன்னொரு கை சட்டைப் பையிலிருந்து புதியதை எடுத்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தான். தன் வாஷர் இல்லை இது. கோணல்மாணலாக இருந்தது. விரலால் அழுத்தினான், மெத்தென்றிருந்தது. முகர்ந்தான். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய வாசனை. பட்டுப் புடவைக் கறைக்கென்று கேட்ட பெட்ரோல் சீசா நினைவுக்கு வந்தது. வாஷர்தாங்க என்று ஆரம்பித்து நிறுத்திய குரல் நினைவுக்கு வந்தது.

(அந்தப் பேச்சை நான் ஐந்தாம் பகுதியில் வேண்டாமென்று தள்ளிவிட்டேன். அவன் எப்படியோ வைத்திருக்கிறான்.)

"இன்னா பாய், எதனா உடைஞ்சிருக்குதா?" என்று முனிரத்தினம் கேட்டான்.

ஹயாத் பாஷா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"யார்ரா வெட்டினது இதை? எலி கடிச்ச மாதிரி இருக்குது."

"நம்ம வீட்ல வெட்டினதுப்பா."

"கைல வேற வச்சிருக்கியே, அதைப் போடேன்."

ஒரு கையில் தான் உளியடித்த வட்டம். இன்னொரு கையில் அவள் கத்தரித்த கோணல். எஞ்சின் நின்றுபோனால் அவனுக்கு ஷெட்டும் இல்லை, தோஸ்தோடு தொழிலும் இல்லை. கிடங்குதான். அவள் ஏன் வெட்டினாள் என்று அவனுக்கு முழுக்கத் தெரியாது. நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவள் வெட்டியிருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

"இதுவே இருக்கட்டும்ப்பா," என்றான்.

கிழவர் அவன் கையிலிருந்து அதை வாங்கினார். ஐம்பது வருஷமாகத் தோல் பார்த்த கட்டைவிரல். புரட்டினார், முகர்ந்தார். எண்ணெய் வேறு என்று அவருக்குத் தெரியாமல் போகுமா? எந்த ஊர்ப் பெண் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது மறந்துபோகுமா? இந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"தோல் நம்முதுதான்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "மாட்டு."

9

பெண்கள் மணலுக்கு வரவில்லை. வஹீதா மொட்டைமாடியில், துணி காயப்போடுகிற சாக்கில் நின்றாள். அங்கிருந்து ஆறு தெரியாது, தென்னந்தோப்பு மறைக்கும். காதில் விழும்.

சத்தம் கிளம்பியது. அவள் ஈரத் துணியைப் பிழிந்த மேனிக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த இடத்தில் அது தேயும், எந்த இடத்தில் இருமும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த இடம் வந்துகொண்டிருந்தது.

பறந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மாடியில் இருக்கிறேன், எனக்கும் தென்னந்தோப்பு மறைக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு எஞ்சினும் ஒரு வாஷரும்தான். அந்த வெள்ளிக்கிழமை அவன் கையால் உள்ளே போன வாஷர் அதன்பிறகு மாற்றப்படவே இல்லை. நன்றாக ஓடுகிற எஞ்சினின் வாஷரை யாரும் மாற்றுவதில்லை. மூலையில் தூக்கிப்போட்ட எஞ்சினின் வாஷரையும் யாரும் மாற்றுவதில்லை, அதுவும் சரிதான். இரண்டில் எது என்று நீங்கள் சொல்லுங்கள். என் நண்பர் சிலிண்டரைத் திறந்து பார்த்தால் தேய்மானத்தை வைத்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். நான் திறக்கவிடப்போவதில்லை.

துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருக்கிறது. சத்தம் வழக்கமாக நிற்கிற இடம் இதோ வந்துவிட்டது. வஹீதா தலையை நிமிர்த்தி, தென்னந்தோப்புக்கு மேலே பார்க்கிறாள்.

நீங்களும் பாருங்கள்.